இளவட்டக்கல்லும் மூன்று வார ஊசியும்

போன மாதம் பென்ஷன் நேர்காணலுக்குப் போயிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் கோவில்பட்டியில் என்னோடு வேலை பார்த்த பழைய நண்பர். பார்த்துப் பத்து வருடம் இருக்கும். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு காதோரம் குனிந்து, "என்னவே, ஊசி போட்டுக்கிடுதீராமே? ஆளு தெம்பாத்தான் இருக்கீரு. எனக்கும் ஒரு சீட்டு எழுதி வாங்கித் தாரும்" என்றார்.

நான் ஏதோ சொல்லிச் சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு என் மீதே எனக்குக் கோபம் வந்தது. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவன் காதோரம் பேசுவதில்லை. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவன் மழுப்புவதில்லை. இதற்கு மட்டும் ஏன் இந்தக் கிசுகிசு? 68 வயதில் வெட்கப்பட இனி என்ன இருக்கிறது? அவருக்குச் சொல்லாமல் விட்டதை எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

சொல்ல வருவது இதுதான். டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஆரம்பித்தவன் எடை தூக்கும் பயிற்சியை விடக்கூடாது. அதே சமயம், ஊசிதான் வந்துவிட்டதே என்று எடையை ஏற்றவும் கூடாது. இதில் முதல் பாதியை என் சொந்தக்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை. இரண்டாவது பாதியை ஜிம் மாஸ்டர்கள் ஒப்புக்கொள்வதில்லை. இரண்டு பக்கத்தோடும் எனக்குச் சண்டை இருக்கிறது.

எனக்கு ஏன் ஊசி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 64 வயதில் ஸ்கூட்டர் ஓட்டும்போது பக்கவாட்டில் வரும் வண்டிகள் கண்ணில் படாமல் போக ஆரம்பித்தன. இரண்டு தடவை மயிரிழையில் தப்பினேன். கண்புரை என்று நினைத்துக் கண் டாக்டரிடம் போனால், அவர் சோதித்துப் பார்த்துவிட்டுத் தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. பட்டாணி அளவுதான். அதில் ஒரு கட்டி வளர்ந்து கண் நரம்பை அழுத்தியிருந்தது. புற்றுநோய் இல்லை. மூக்கு வழியாகவே கருவியை விட்டு எடுத்துவிட்டார்கள். பார்வை திரும்பியது.

ஆனால் சுரப்பி பழையபடி வேலை செய்யவில்லை. உடம்பிலுள்ள மற்ற சுரப்பிகளுக்கு உத்தரவு போடும் சப்-ஸ்டேஷன் அது. அங்கே கோளாறு என்றால் கீழே பல பீடர்கள் இருண்டுவிடும். தைராய்டுக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஆண் ஹார்மோனைக் காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 300க்குக் குறையாமல் இருக்க வேண்டியது எனக்கு 80 இருந்தது. இன்னொரு நாள் காலையில் மறுபடி எடுத்தார்கள். 74. இரண்டு தடவை பார்த்த பிறகுதான் டாக்டர் ஊசி என்ற பேச்சையே எடுத்தார். அந்த நாட்களில் நான்கு நாளைக்கு ஒருமுறை சவரம் செய்தால் போதும். மாடிப்படி ஏறினால் தொடை நடுங்கும். காலை பத்து மணிக்கே படுக்கை கூப்பிடும்.

எனக்குத் தெம்பு வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. என் மனைவிக்கு 2019-ல் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் முழுதாகத் திரும்பவில்லை. கட்டிலிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைப்பது, குளியலறைக்குக் கூட்டிப் போவது, திரும்பப் படுக்க வைப்பது என்று ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவை அவளை நான் தாங்க வேண்டும். அவள் எடை 58 கிலோ. பிள்ளைகள் வெளியூரில். இதற்காகவே, கட்டி தெரிவதற்கு முன்னாலிருந்தே, வாரம் இரண்டு நாள் பக்கத்துத் தெரு ஜிம்முக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பு உருகி, ஒரு நாள் அவளைத் தூக்கும்போது முழங்கால் மடிந்து இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். பால்காரர் வந்து தூக்கிவிடும் வரை அரைமணி நேரம் அப்படியே பேசிக்கொண்டிருந்தோம். வேறென்ன செய்ய?

ஊசி ஆரம்பமானது. மூன்று வாரத்துக்கு ஒன்று, 250 மில்லிகிராம், இடுப்புக்குக் கீழே. முதல் மாதம் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டாம் மாதம் பசி வந்தது. மூன்றாம் மாதம் பனியன் தோளில் இறுகியது. கண்ணாடி முன்னால் நிற்கும் நேரம் கூடியது. மறைப்பானேன், ரொம்ப நாளைக்குப் பிறகு என்னை எனக்குப் பிடித்திருந்தது.

ஜிம் மாஸ்டர் நல்ல பையன். 27 வயது. ஊசி விஷயம் அவனுக்குத் தெரிந்த நாளிலிருந்து என்னைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. "சார், உங்களுக்குத்தான் மருந்து உள்ள போகுதே. இன்னும் என்ன சின்னப்பிள்ளை வெயிட்டு?" என்பான். நானும் உருகிவிட்டேன். பார்பெல்லைப் பிடித்துக் கையை மடக்கும் பயிற்சியில் 15 கிலோவில் இருந்தவன், பத்தே வாரத்தில் 30-க்கு வந்தேன். சுற்றி நின்று பையன்கள் கைதட்டினார்கள். 66 வயதில் கைதட்டு கிடைத்தால் யார்தான் நிறுத்துவான்?

ஐந்தாம் மாதம், ஒரு வியாழக்கிழமை. ஊசி போட்டு நாலாம் நாள். உடம்பு திமிறிக்கொண்டிருந்தது. மூன்றாவது சுற்றில் வலது தோளுக்குள் காய்ந்த சுள்ளியை ஒடித்த மாதிரி ஒரு 'டப்'. வலி அப்படி ஒன்றும் பெரிதில்லை. மறுநாள் தோளிலிருந்து முழங்கை வரை நீலம் பாரித்திருந்தது. மேல்கைச் சதை கீழே இறங்கி ஒரு பந்து போல நின்றது. எலும்பு டாக்டர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். தோளோடு அந்தச் சதையைக் கட்டியிருக்கும் நீளமான தசைநாண் அறுந்துவிட்டது. இந்த வயதில் ஆபரேஷன் அவசியமில்லை, இப்படியே பழகிக்கொள்ளலாம், ஆனால் இரண்டரை மாதம் அந்தக் கையால் எதையும் தூக்கக்கூடாது என்றார்.

"எதையும்" என்றால் அவளையும்தான்.

மகள் லீவு போட்டு வந்தாள். அவள் போன பிறகு ஓர் அம்மாவைச் சம்பளத்துக்கு வைத்தோம். தன்னைத் தொட்டுத் தூக்க வேற்றாள் வந்ததில் என் மனைவிக்கு எவ்வளவு கூச்சம் என்பது எனக்குத் தெரியும். ஒரு வாரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு நாள் மெதுவாக, இப்போது அவள் பேச்சே மெதுவாகத்தான் வரும், கேட்டாள்: "எனக்காகத்தான ஜிம்முக்குப் போனீங்க? பெறகு அந்த முப்பது கிலோவ யாருக்காகத் தூக்குனீங்க?"

இதற்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை. இதை எழுத வைத்ததும் அந்தக் கேள்விதான்.

34 வருடம் மின்வாரியத்தில் குப்பை கொட்டியவனுக்கு இது முதலிலேயே புரிந்திருக்க வேண்டும். ஒரு தெருவில் வோல்டேஜ் போதவில்லை என்று புகார் வரும். 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரைக் கழற்றிவிட்டு 100 கே.வி.ஏ. வைப்போம். ஜனங்களுக்குச் சந்தோஷம். ஆளுக்கொரு ஏ.சி. வாங்கி மாட்டுவார்கள். ஆனால் கம்பத்திலிருந்து வீட்டுக்குப் போகும் சர்வீஸ் வயர் அவர்கள் அப்பா காலத்து வயர். மே மாதம் ராத்திரி பதினொரு மணிக்கு அது கருகும். "புது டிரான்ஸ்பார்மர் வச்சும் இப்படியா?" என்று நம்மைத்தான் திட்டுவார்கள். டிரான்ஸ்பார்மர் என்ன செய்யும், வயர் தாங்க வேண்டாமா?

ஊசி பெரிதாக்குவது தசையை. அந்தத் தசையை எலும்போடு கட்டும் கயிறுதான் தசைநாண். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு. இளவயதிலேயே அது மெதுவாகத்தான் பலப்படும். அறுபதைத் தாண்டினால் இன்னும் மெதுவு. தசை மூன்று மாதத்தில் தயாராகிவிடும். கயிற்றுக்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு காலம் ஆகும். இந்த இடைவெளியில்தான் எல்லா விபத்தும் நடக்கிறது. ஜிம்மில் இதை யாரும் சொல்வதில்லை. ஏனென்றால் அங்கே கண்ணாடியில் தெரிவது தசைதான். கயிறு தெரிவதில்லை.

மாஸ்டரிடம் பிறகு இதைச் சொன்னபோது செல்போனில் ஓர் ஆய்வைக் காட்டினான். ஆய்வு உண்மையானதுதான். 1996-ல் அமெரிக்காவில் ஷலேந்தர் பாசின் என்ற மருத்துவரும் அவர் குழுவும் 43 ஆண்களை வைத்துச் செய்தது. பத்து வாரம் ஊசி மட்டும் போட்டுக்கொண்டு உடற்பயிற்சி செய்யாதவர்களுக்கு, கொழுப்பு நீங்கலான உடல் எடை 3.2 கிலோ கூடியது. ஊசி இல்லாமல் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 1.9 கிலோ. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 6.1 கிலோ. "பாருங்க சார், சும்மா உக்காந்தாலே மூணு கிலோ!" என்றான்.

அதே ஆய்வில் அவன் படிக்காத வரிகள் இருக்கின்றன. அந்த ஆண்களின் வயது 19 முதல் 40 வரை. எல்லோரும் நல்ல ஆரோக்கியமானவர்கள். அவர்களுக்குப் போட்டது வாரத்துக்கு 600 மில்லிகிராம். எனக்கு மூன்று வாரத்துக்கு 250. வாரக் கணக்குக்குக் கொண்டுவந்தால் ஏழில் ஒரு பங்கு. அவர்கள் போட்டது இயல்பான அளவுக்கு மேலே மேலே ஏற்றுவதற்கு; எனக்குப் போடுவது பள்ளத்தை நிரப்பித் தரைமட்டத்துக்குக் கொண்டுவர. சித்தாளுக்கும் பயில்வானுக்கும் ஒரே சம்பளக் கணக்குப் போட முடியுமா?

நம் வயதுக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வும் இருக்கிறது. 2016-ல் வெளியானது. 65 வயதுக்கு மேற்பட்ட, ஹார்மோன் குறைவாக இருந்த 790 பேருக்கு ஒரு வருடம் ஜெல் தடவிப் பார்த்தார்கள். தாம்பத்திய ஆர்வம் ஓரளவு கூடியது. மனநிலை கொஞ்சம் தெளிந்தது. ஆனால் நடக்கச் சிரமப்பட்டவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்தபோது, நடக்கும் திறனில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அதாவது ஹார்மோன் தானாக வந்து யாரையும் நடக்க வைக்காது. நடந்தால்தான் நடை வரும்.

இன்னொன்று என்னை உலுக்கியது. 2017-ல் இந்த ஹார்மோன் எலும்பின் அடர்த்தியைக் கூட்டுகிறது என்று சொன்னார்கள். சரி, எலும்பு முறிவு குறையும் என்றுதானே நினைப்போம்? சுமார் 5,200 ஆண்களை மூன்று வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்து 2024-ல் கணக்கு வெளியிட்டார்கள். ஹார்மோன் எடுத்தவர்களில் 91 பேருக்கு எலும்பு முறிந்தது. வெறும் ஜெல் தடவியவர்களில் 64 பேருக்கு. இரண்டு பக்கமும் ஏறக்குறைய சம எண்ணிக்கை ஆட்கள். காரணம் என்ன என்பதை டாக்டர்கள் விவாதிக்கட்டும். என் தோளைக் கேட்டால் அது ஒரு பதில் சொல்லும்: மனசு நாற்பதுக்குப் போய்விட்டது, உடம்பு அறுபத்தாறிலேயே நின்றது.

இந்தக் கிறுக்கு புதிதல்ல. 1889-ல் பாரிஸில் பிரவுன்-செக்கார் என்ற பெரிய உடலியல் அறிஞர், 72 வயதில், நாய் மற்றும் கினிப்பன்றி விரைகளின் சாற்றைத் தனக்குத் தானே ஊசி போட்டுக்கொண்டு, இளமை திரும்பிவிட்டது, பலம் கூடிவிட்டது என்று அறிவித்தார். உலகமே அந்தச் சாற்றுக்கு அலைந்தது. அந்த மாதிரிச் சாற்றில் ஹார்மோன் இருந்தாலும் அது ஒன்றும் செய்ய முடியாத அளவு சொற்பம் என்று பிற்பாடு செய்து பார்த்தவர்கள் கண்டார்கள். அவருக்கு வேலை செய்தது நம்பிக்கைதான். அசல் டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்ததும் தயாரித்ததும் 1935-ல்தான். பாரிஸ் வரை போவானேன்? நம் பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் என்ன எழுதியிருந்தது? லாட்ஜில் இன்ன தேதியில் வைத்தியர் வருகிறார், லேகியம் தருகிறார், ஆண்மை பெருகும். சிறுவயதில் அதைப் பார்த்துச் சிரித்த நாம்தான் இன்று ஜிம் வாசலில் காதோரம் கேட்கிறோம். லேகியம் போய் ஊசி வந்திருக்கிறது. ஆசை அதேதான்.

'ஆண்மை ஊசி' என்ற பெயர்தான் விஷம். அந்தப் பெயரால், தேவைப்படுகிறவன் வெட்கப்பட்டு டாக்டரிடம் போகாமல் இருக்கிறான். தேவையில்லாதவன் ஓடிப்போய்ப் போட்டுக்கொள்கிறான். வயதாவதற்கு மட்டும் இது மருந்து இல்லை, நோயால் சுரப்பு குறைந்தவர்களுக்குத்தான் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-ல் மருந்துச் சீட்டிலேயே எழுத வைத்தது.

உங்கள் பேரப்பிள்ளைகள் ஜிம்முக்குப் போகிறார்கள் என்றால் இதையும் கேளுங்கள். வெளியிலிருந்து இந்த ஹார்மோன் போனால் உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திவிடும், விந்தணுவும் நிற்கும். உலக சுகாதார நிறுவனம் வாரம் 200 மில்லிகிராம் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதித்து 1990-ல் முடிவை வெளியிட்டது. கருத்தடைக்குச் சோதித்த மருந்தை ஆண்மைக்கு என்று சொல்லிக் கல்யாணமாகாத பையன்களுக்கு டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கிறவனை என்னவென்று சொல்வது?

இனி மறுபக்கத்துக்கு வருகிறேன். கை அறுந்த செய்தி கேட்டு வந்த என் மச்சினன், "நான் அப்பவே சொன்னேன்லா அத்தான், இந்த வயசுல எதுக்கு இரும்பு? காலையில வ.உ.சி. மைதானத்த நாலு சுத்து சுத்துனா போதாதா?" என்றான். வந்தவர்கள் எல்லோரும் இதையே வேறு வேறு வார்த்தையில் சொன்னார்கள். அவர்கள் முகத்தில் ஒரு திருப்தியும் தெரிந்தது.

போதாது என்பதுதான் என் பதில். நடை நல்லது. நெஞ்சுக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது. ஆனால் நாலு சுற்று நடப்பதால் 58 கிலோ மனுஷியைக் கட்டிலிலிருந்து தாங்கி எழுப்பும் பலம் வராது. தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழும் பலம் வராது. 1990-ல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் சராசரி 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் நடுவில் நின்றுவிட்டார். மீதிப் பேருக்குக் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. ஊசி கிடையாது, லேகியம் கிடையாது. தொண்ணூறில் முடியும் என்றால் அறுபத்தெட்டில் ஏன் முடியாது? விழுந்து இடுப்பெலும்பு உடைந்து கிடப்பதுதான் நம் வயதுக்கு மரியாதை என்று நினைக்கிறார்களோ என்னவோ.

டாக்டர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது பதினோரு பக்கம் காகிதம் கொடுத்தார்கள். உப்பு எவ்வளவு, எத்தனை நாள் மூக்கைச் சிந்தக்கூடாது என்றெல்லாம் இருந்தது. ஊசி ஆரம்பித்த அன்று, "எக்ஸர்சைஸ் பண்ணலாமா டாக்டர்?" என்று கேட்டேன். "தாராளமா பண்ணுங்க, நல்லது" என்றார். அவ்வளவுதான். எவ்வளவு, எப்போது, எதுவரை என்று ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரியைத்தான் மாஸ்டர் தன் இஷ்டத்துக்கு நிரப்பினான்.

என் தப்பையும் சொல்ல வேண்டும். மூன்றாம் மாதம் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார் டாக்டர். தெம்பாக இருக்கிறோமே என்று போகவில்லை. கை அறுந்த பிறகு, ஆறாம் மாதம்தான் போனேன். இந்த ஊசி சிவப்பணுக்களைக் கூட்டும். ரத்தத்தில் அவை எத்தனை சதவீதம் என்பதை ஹீமட்டோக்ரிட் என்று சொல்வார்கள். 54-ஐத் தாண்டினால் ஊசியை நிறுத்திவைக்க வேண்டும் என்பது விதி. எனக்கு 55. ரத்தம் கூழாகிக் கொண்டிருந்திருக்கிறது. காலையில் வந்த தலைவலியை வெயில் என்று நினைத்திருந்தேன். அந்த ரத்தத்தோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு 30 கிலோ தூக்கியிருக்கிறேன். அறுந்தது கயிறோடு போனதே என்று இப்போது தோன்றுகிறது. வீட்டில் ஒரு பக்கவாதம் போதும். டாக்டர் சில வாரம் நிறுத்திவிட்டு, அளவைக் குறைத்து மறுபடி ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு நானே எனக்கு எழுதிக்கொண்ட விதிகளைச் சொல்கிறேன். இது வைத்தியம் இல்லை, பட்டவன் பேச்சு. உங்கள் டாக்டரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

ஊசி ஆரம்பித்த முதல் ஆறு மாதம், ஊசிக்கு முன்னால் தூக்கிய எடையே. கை எவ்வளவு துறுதுறுத்தாலும் ஒரு தட்டுக்கூடச் சேர்ப்பதில்லை. அந்த ஆறு மாதம் கயிறுக்குக் கொடுக்கும் வாய்தா.

ஊசியின் அலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று வார ஊசியில் முதல் வாரம் காளை மாடு, மூன்றாம் வாரம் நனைந்த துணி. காளை மாட்டு வாரத்தில் எடையை முடிவு செய்தால் என் கதிதான். சமையலறைக் காலண்டரில் ஊசி நாளைச் சிவப்பில் வட்டமிடுகிறேன். ஓர் எடையை மூன்றாம் வாரத்திலும் சிரமமில்லாமல் தூக்க வேண்டும். அடுத்தடுத்து மூன்று ஊசிக்கு அப்படி முடிந்தால்தான், அதாவது ஒன்பது வாரம் கழித்துத்தான், ஒரு படி ஏற்றுவேன். ஒரு படி என்றால் இரண்டரை கிலோ. கடைசி வாரம்தான் பரீட்சை. முதல் வாரத்து மார்க்கை எண்ணக்கூடாது.

பத்துப் பன்னிரண்டு தடவை தூக்கக்கூடிய எடைதான். அதிலும் இன்னும் இரண்டு முடியும் என்ற நிலையில் கீழே வைத்துவிட வேண்டும். தூக்கும்போது மூச்சை விட வேண்டும், பிடித்து வைக்கக்கூடாது. இறக்குவது ஏற்றுவதை விட மெதுவாக. முதலில் கால், இடுப்பு, முதுகு. கை கடைசி. கண்ணாடிக்குத் தெரிகிற சதைக்கு என் வீட்டில் வேலை இல்லை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதுதான் என் முதல் பயிற்சி. நான் தினமும் செய்யும் வேலைக்கு அது ஒத்திகை.

ஒரு பயிற்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு நாள் இடைவெளி. ஊசியால் வலி சீக்கிரம் போய்விடும். வலி போனதால் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. தோளிலோ குதிகாலிலோ காலையில் எழுந்ததும் ஒரு பிடிப்பு இருந்தால், அன்று ஜிம் கிடையாது. சாப்பாட்டில் இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், வாரம் மூன்று நாள் மீன். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகு. ரத்தப் பரிசோதனை, புராஸ்டேட்டுக்கான பரிசோதனை, ரத்த அழுத்தம் இவற்றுக்கு டாக்டர் சொன்ன தேதி கோர்ட்டு வாய்தா மாதிரி. தப்பக்கூடாது.

எங்கள் சொந்த ஊரில் அம்மன் கோவில் முன்னால் ஓர் இளவட்டக்கல் கிடந்தது. வழுவழுவென்று உருண்டைக் கல். பொங்கலுக்கு இளவட்டங்கள் அதைத் தூக்கித் தோளுக்கு ஏற்றிப் பின்பக்கம் போடுவார்கள். அதைத் தூக்கினால்தான் பெண் கொடுப்பார்கள் என்று பெருசுகள் சொல்வதுண்டு. என் அப்பா 22 வயதில் தூக்கியவர். எனக்கு விவரம் தெரிந்தபோது அவருக்கு ஐம்பது. சாயங்காலம் அந்தக் கல் மேல் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். "இப்ப தூக்குவியளாப்பா?" என்று ஒரு தடவை கேட்டேன். "இருவத்திரெண்டுல தூக்குன கல்லுல அம்பதுல உக்காந்தாப் போதும்ல" என்றார். அந்த ஊரில் யாரும் ஐம்பது வயதுக்காரரைத் தூக்கச் சொல்லிக் கைதட்டவில்லை. அதே சமயம் அவர் எழுபது வரை வயலில் மண்வெட்டி பிடித்தார். இளவட்டக்கல் வேறு, மண்வெட்டி வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு வேண்டியது மண்வெட்டி. நான் போய்க் கல்லைத் தூக்கினேன்.

இப்போது கை முக்கால்வாசி சரி. சதைப் பந்து அப்படியே இருக்கிறது. அரைக்கைச் சட்டை போட்டால் தெரியும். ஜிம்மில் மறுபடி 15 கிலோதான். மாஸ்டர் ஒன்றும் சொல்வதில்லை. என் கையைக் காட்டி மற்ற பையன்களை எச்சரிக்கிறான் என்று கேள்வி. போன வருடத்திலிருந்து சம்பளத்துக்கு ஆள் இல்லை. காலையில் என் மனைவியை நானே எழுப்புகிறேன். மூச்சை விட்டுக்கொண்டு, முழங்காலை மடக்கி, மெதுவாக.

பென்ஷன் வரிசையில் கேட்ட நண்பருக்கு: ஓய், சீட்டு என்னிடம் இல்லை. முதலில் டாக்டரைப் பாரும். இரண்டு நாள் காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடும். நிஜமாகவே குறைவு என்றால் வெட்கப்படாமல் போட்டுக்கொள்ளும், நானே கூட வருகிறேன். குறைவில்லை என்றால் ஊசியை மறந்துவிட்டுச் செவ்வாய், வெள்ளி காலை ஆறு மணிக்கு ஜிம்முக்கு வாரும். ஐந்து கிலோவில் ஆரம்பிப்போம். கைதட்ட ஆள் இருக்காது, அதற்கு மட்டும் தயாராக வாரும்.